கொழும்பிலிருந்து போய் காரும் கப்பலுமாக ஒரு கூடார விடுமுறை: எதை முதலில் செய்வது?

கேள்வி இதுதான்: "நாங்கள் கொழும்பில் இருக்கிறோம். இரண்டு பிள்ளைகள். ஆகஸ்ட் லீவில் லண்டனில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போய், அவருடைய காரில் கப்பலேறி பிரான்சில் ஒரு கிழமை கூடாரம் போட்டுத் தங்க ஆசை. எங்கிருந்து தொடங்குவது? இங்கிருந்தே எங்கள் காரைக் கொண்டுபோக வழி இருக்கிறதா?"

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். வழி இல்லை. காங்கேசன்துறை - நாகபட்டினம் கப்பல் 2023 ஒக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் திரும்பவும் ஓடத் தொடங்கியது. ஆனால் அது பயணிகளுக்கு மட்டுமான கப்பல், கார் ஏற்ற முடியாது. 2011ல் சில மாதங்கள் ஓடிய கொழும்பு - தூத்துக்குடி கப்பலும் நின்றுவிட்டது. சொந்தக் காரை வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதென்றால் கொள்கலனில் அனுப்ப வேண்டும், சுங்கத்துக்கான பத்திரம் எடுக்க வேண்டும். ஒரு கிழமை லீவுக்கு அது பொருந்தாது. நீங்கள் யோசித்திருக்கும் வழிதான் சரி: விமானத்தில் லண்டன், அங்கிருந்து தம்பியின் காரில் டோவர் துறைமுகம், அப்புறம் கப்பல்.

நாங்கள் வெள்ளவத்தையில் இருக்கிறோம். இதே பயணத்தை நானும் கணவரும் பதின்மூன்று வயது மகளும் ஒன்பது வயது மகனும், லண்டன் ஹரோவில் இருக்கும் அக்காவோடும் அத்தானோடும் சேர்ந்து செய்தோம். லண்டனில் இருப்பவர்கள் முதலில் கப்பலையும் கூடாரம் போடும் முகாமையும் பதிவு செய்துவிட்டு மற்றதைப் பிறகு பார்ப்பார்கள். இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் நாங்கள் அப்படிச் செய்ய முடியாது. விசாதான் முதல்.

அதில் பலர் செய்யும் பிழை ஒன்று இருக்கிறது. "லண்டனுக்குப் போன பிறகு அங்கிருந்து பிரான்ஸ் விசா எடுக்கலாம்" என்று நினைக்கிறார்கள். சுற்றுலா விசாவில் பிரித்தானியாவுக்குப் போனவர் அங்கிருந்து ஷெங்கன் விசாவுக்கு (பிரான்ஸ் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) விண்ணப்பிக்க முடியாது. வதிவிடம் உள்ள நாட்டில், அதாவது கொழும்பிலேயே, விண்ணப்பிக்க வேண்டும். முதலில் பிரித்தானிய விசாவை எடுங்கள். அது கிடைத்திருந்தால்தான், பிரான்சை விட்டு எங்கே திரும்பிப் போவீர்கள் என்ற கேள்விக்குப் பதில் இருக்கும். ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்னரிலிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்னராவது கொடுத்திருக்க வேண்டும். ஆகஸ்ட் பயணம் என்றால் பிரித்தானிய விசா வேலையை மார்ச்சில் தொடங்குங்கள்.

ஷெங்கன் விசாக் கட்டணம் பெரியவருக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ, ஆறு வயதுக்குக் கீழே இல்லை. பன்னிரண்டு வயது தாண்டிய பிள்ளைக்குப் பெரியவர் கட்டணம்தான். அதனால் எங்கள் குடும்பக் கணக்கில் மூன்று 90, ஒரு 45, மொத்தம் 315 யூரோ. விண்ணப்ப நிலையத்தின் சேவைக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஈடுசெய்யும் பயணக் காப்புறுதியும் தேவை. தங்குமிடச் சான்றாக முகாமின் பதிவுக் கடிதத்தைக் கொடுக்கலாம், ஆனால் அதில் எல்லோருடைய பெயரும் கடவுச்சீட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். எங்கள் முதல் கடிதத்தில் அத்தானின் பெயரோடு "மேலும் ஐவர்" என்று மட்டும்தான் இருந்தது. முகாமுக்கு எழுதிக் கேட்டதும் மறுநாளே திருத்தி அனுப்பினார்கள். விசா மறுக்கப்பட்டால் பணத்தைத் திருப்பித் தரும் முகாமையே தேர்ந்தெடுங்கள்.

கார் விஷயத்தை முழுக்கத் தம்பியின் தலையில் போட்டுவிடாதீர்கள், அவரிடம் சில கேள்விகள் கேட்க வேண்டும். பிரித்தானியக் காப்புறுதி ஐரோப்பாவிலும் செல்லும், ஆனால் பல நிறுவனங்கள் அங்கே மூன்றாம் தரப்புக் காப்பை மட்டுமே தருகின்றன. முழுக்காப்பு வேண்டுமென்றால் கேட்டு எடுக்க வேண்டும். நீங்களும் ஓட்ட நினைத்தால் உங்கள் பெயரைச் சேர்க்க வேண்டும். இலங்கை அனுமதிப்பத்திரத்தை எல்லா நிறுவனமும் ஏற்பதில்லை. என் கணவருக்காக அத்தான் கேட்டபோது அவருடைய நிறுவனம் மறுத்துவிட்டது, அதனால் முழுத் தூரமும் அத்தானே ஓட்டினார். ஏற்றுக்கொண்டால் கொழும்பிலேயே சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரத்தை எடுத்துக்கொண்டு போங்கள். காரின் பதிவுப் புத்தகம் கையில் இருக்க வேண்டும். வாடகைக் கார் என்றால் வெளிநாடு கொண்டுபோக நிறுவனத்தின் தனி அனுமதிக் கடிதம் வேண்டும்.

பிரான்சில் வலது பக்கம் ஓட்டம். காரில் முக்கோண எச்சரிக்கைப் பலகையும், கைக்கெட்டும் இடத்தில் ஒளிரும் மேற்சட்டையும் இருக்க வேண்டும், பின்னால் 'யூ கே' என்ற நாட்டுக் குறி இருக்க வேண்டும், முன்விளக்கில் ஒளியைத் திருப்பும் ஒட்டியும் வேண்டும். பத்து வயதுக்குக் கீழான பிள்ளை பின் இருக்கையில்தான் இருக்கலாம். சுங்கச் சாலையில் கட்டணப் பெட்டி இடது பக்கம் இருக்கும், பிரித்தானியக் காரில் சாரதியோ வலது பக்கம். அதனால் இடது முன் இருக்கையில் இருப்பவர்தான் டிக்கெட் எடுத்து அட்டையை நீட்ட வேண்டும். பணப்பையை அவர் மடியில் கொடுங்கள். எங்கள் காரில் அது அக்கா.

கப்பலுக்கு வருவோம். டோவரிலிருந்து பிரான்சின் கலே துறைமுகத்துக்கு ஒன்றரை மணி நேரம். கடலுக்கு அடியால் போகும் ரயிலில் காரை ஏற்றினால் 35 நிமிடம்தான், ஆனால் பிள்ளைகளோடு போகிறீர்கள் என்றால் கப்பலைத்தான் சொல்வேன். வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைகள் பின்னால் சிறிதாகிக்கொண்டு போவதை மகன் மேல் தளத்தில் நின்று கடைசி வரை பார்த்தான். பதிவு செய்யும்போது காரின் உயரத்தைக் கேட்பார்கள். கூரையில் பெட்டி மாட்டுவதென்றால் அதோடு சேர்த்து அளந்து சொல்லுங்கள். சனிக்கிழமையைத் தவிர்த்து, செவ்வாய், புதன் போன்ற நாளில் விடியக்காலைக் கப்பலைப் பிடியுங்கள். பாடசாலை லீவுச் சனிக்கிழமைகளில் டோவரில் வரிசை மணிக்கணக்கில் நிற்கும். பிரெஞ்சு குடிவரவுச் சோதனை கப்பல் ஏறுமுன் டோவரிலேயே நடக்கும். நாங்கள் போனபோது முத்திரை குத்தினார்கள். 2025 ஒக்டோபரில் இருந்து கைரேகையும் முகப்படமும் எடுக்கும் முறை தொடங்கியிருக்கிறது, பன்னிரண்டு வயதுக்குக் கீழே கைரேகை இல்லை. அதற்கும் நேரம் ஒதுக்குங்கள். கப்பல் கிளம்பியதும் கார்த் தளத்தைப் பூட்டிவிடுவார்கள். மருந்து, ஜக்கெட், பிள்ளைகளின் தண்ணீர்ப் போத்தலை ஒரு பையில் போட்டு மேலே கொண்டுபோங்கள்.

இப்போது சாப்பாடு. எங்கள் ஆட்கள் இதில்தான் கட்டாயம் தடுமாறுவார்கள். பிரித்தானியாவிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சியோ பால் பொருட்களோ கொண்டுபோக முடியாது, சமைத்ததும்கூட. பால், சீஸ், கோழிக்கறி எல்லாம் தடை. குழந்தைகளுக்கான பால்மாவுக்கு விலக்கு உண்டு. காய்கறி, பழங்களுக்குச் சான்றிதழ் வேண்டும், வாழைப்பழம், அன்னாசி, தேங்காய் போன்ற சிலவற்றுக்கு வேண்டாம். அரிசி, பருப்பு, இடியப்ப மா, மிளகாய்த்தூள், டின் மீன், கருவாடு பிரச்சினை இல்லை. அக்காவுக்கு இது தெரியாது. முதல் நாள் இரவே புட்டும் கோழிக்கறியும் செய்து வைத்திருந்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் வாடிப்போனது. அதனால் துறைமுகத்துக்குள் போகுமுன் டோவரில் ஒரு வாகனத் தரிப்பிடத்தில் காரை நிறுத்தி, கதவுகளைத் திறந்துவைத்து, விடியற்காலை ஐந்தரை மணிக்கு ஆறு பேரும் கோழிக்கறியோடு புட்டுச் சாப்பிட்டோம். கீழே விளக்குப் போட்ட கப்பல்கள் நின்றன. மகள் இன்றைக்கும் அந்தப் பயணத்தைப் பற்றிக் கதைத்தால் அந்தப் புட்டில்தான் தொடங்குவாள். திரும்பி வரும்போதும் கவனம்: 2025 ஏப்ரலில் இருந்து ஒன்றியத்திலிருந்து பிரித்தானியாவுக்குள்ளும் இறைச்சி, சீஸ் கொண்டுவர முடியாது.

எங்கே தங்குவது? ஒரு கிழமைதான் இருக்கிறது என்றால் ஒரே இடத்தில் தங்குங்கள், அதுவும் கலேயிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள். கூடாரத்தைப் பிரித்து, காரில் ஏற்றி, அடுத்த ஊரில் திரும்ப அடிப்பதற்கு ஒரு முழு நாள் போய்விடும். தென் பிரான்ஸ் வெயிலுக்கு ஆசைப்பட்டு ஆயிரம் கிலோமீற்றர் ஓட வேண்டாம். வெயில் நமக்குக் கொழும்பிலேயே இருக்கிறது. நாங்கள் சொம் ஆற்றின் கழிமுகத்தில் லெ குரொத்துவா என்ற ஊருக்குப் பக்கத்தில் தங்கினோம், கலேயிலிருந்து ஏறக்குறைய ஒன்றே கால் மணி நேரம். வற்றின நேரத்தில் கடல் பல கிலோமீற்றர் பின்வாங்கி, மன்னார்ப் பாலத்தில் நின்று பார்க்கும் வெளி போல, சேறும் புல்லும் நீர்க்கோடுகளுமாகக் கிடக்கும். கடல்நாய்கள் மணல்திட்டில் படுத்திருக்கும். குடாவைச் சுற்றிப் பழைய நீராவி ரயில் ஓடுகிறது. ஒரே ஒரு எச்சரிக்கை: வற்று நேரத்தில் வழிகாட்டி இல்லாமல் உள்ளே நடக்க வேண்டாம். வெள்ளம் திரும்பும்போது வேகமாக வரும், பின்பக்க வாய்க்கால்கள் முதலில் நிரம்பும்.

ஆகஸ்ட் இருபதுக்குப் பிறகு போக முடிந்தால் நல்லது. செப்ரெம்பர் முதலில் பிரெஞ்சுப் பாடசாலைகள் தொடங்குவதால் முகாம்கள் காலியாகத் தொடங்கி விலை இறங்கும். பாரிஸ் மாணிக்க விநாயகர் தேரும் அநேகமாக ஆகஸ்ட் கடைசியை ஒட்டித்தான் வரும், நாள் பொருந்தினால் விடாதீர்கள். காரைப் பாரிசுக்குள் கொண்டுபோக வேண்டாம், அங்கே தரிப்பிடம் கஷ்டம். அப்வில் ஊரில் காரை விட்டுவிட்டு அமியான் வழியாக ரயிலில் போங்கள். பாரிஸ் வடக்கு நிலையத்தில் இறங்கினால் கோயில் இருக்கும் லா ஷப்பெல் பகுதி நடக்கும் தூரம்தான்.

முகாமில் இடம் எடுக்கும்போது மின்சாரத்தோடு எடுங்கள், எத்தனை அம்பியர் என்று கேளுங்கள். எங்கள் இடத்துக்கு 6 அம்பியர்தான். 230 வோல்ட்டால் பெருக்கினால் 1,380 வாட். அக்கா கொண்டுவந்த கேத்தல் 3,000 வாட். தேத்தண்ணிக்குச் சுவிட்சைப் போட்டதும் மின்சாரம் நின்றது. பக்கத்துக் கூடாரத்து நெதர்லாந்துக்காரர் மின்பெட்டியில் எந்த ஆளியை மேலே தள்ள வேண்டும் என்று காட்டித் தந்தார். 400 வாட் சின்ன ரைஸ் குக்கர் ஒரு பிரச்சினையும் தரவில்லை. ஆறு பேருக்கு இரண்டு தடவை சோறு போட்டோம். கேத்தலை வைத்துவிட்டு காஸ் அடுப்பில் தண்ணீர் கொதிக்கவைத்தோம்.

சின்ன விஷயங்கள் சில. முகாம் கழிப்பறையில் தண்ணீர்க் குழாய் இருக்காது, பல இடங்களில் கடதாசியும் இருக்காது, ஆளுக்கொரு கோப்பையும் போத்தலும் எடுத்துப் போங்கள். நீச்சல் தடாகத்தில் தொளதொளத்த காற்சட்டையும் ரீசேர்ட்டும் விடமாட்டார்கள், உடம்போடு ஒட்டிய நீச்சல் உடைதான். மகளுக்கு அது சங்கடமாக இருந்தது, அவள் கடற்கரையில் மட்டும் குளித்தாள். உங்கள் பிள்ளைகளுக்கும் அப்படி இருக்குமென்றால் தடாகத்துக்காகக் கூடுதல் காசு கொடுத்து பெரிய முகாம் எடுக்க வேண்டாம், சின்ன நகரசபை முகாமே போதும்.

குளிரைக் குறைத்து எடைபோடாதீர்கள். ஆகஸ்டிலும் இரவில் கொழும்புப் பிள்ளைக்கு அது பெருங்குளிர். முதல் இரவு மகனுக்கு மேலே இரண்டு போர்வை போட்டோம், ஆனாலும் நடுச்சாமத்தில் "அம்மா, முதுகு குளிருது" என்று எழுந்தான். குளிர் தரையிலிருந்து ஏறியது. காற்றடைத்த மெத்தைக்குக் கீழே தடித்த நுரைப் பாயை விரித்த பிறகுதான் அவன் நித்திரை கொண்டான். உங்கள் பிள்ளைகள் கூடாரத்தில் படுத்ததே இல்லையென்றால், போகுமுன் ஒரு இரவு ஹோட்டன் சமவெளியில் வனஜீவராசிகள் திணைக்களத்தின் முகாமிடத்தில் தங்கிப் பாருங்கள். 2,100 மீற்றர் உயரத்துக் குளிர் தேவையானதையெல்லாம் காட்டித் தரும்.

கரையோரக் காற்றுக்குச் சாதாரண ஆணிகள் போதாது. மணலுக்கு நீளமான ஆணிகளைத் தம்பியிடம் இப்போதே வாங்கி வைக்கச் சொல்லுங்கள், கூடாரத்தை ஒரு தடவை அவருடைய வீட்டுப் பின்வளவில் அடித்தும் பார்க்கச் சொல்லுங்கள். இடம் போதாதென்றால் முகாமே ஏற்கனவே அடித்து வைத்திருக்கும் கூடாரத்தை வாடகைக்கு எடுக்கலாம். நாங்கள் நால்வரும் அப்படித்தான் தங்கினோம், அத்தானின் கூடாரத்தில் அவரும் அக்காவும். ஆறு பேரின் பொருட்களோடு இன்னொரு கூடாரத்துக்கு அந்தக் காரில் இடமே இருந்திருக்காது.

பிள்ளைகளின் வயதையும் தம்பியின் காரில் எத்தனை இருக்கை என்பதையும் கீழே எழுதுங்கள். எந்த அளவுக் கூடாரம், எத்தனை பை என்று சேர்ந்து கணக்குப் பார்ப்போம்.