திவாலான குறுங்கார் நிறுவனங்களின் ஏலம்: கேள்வி பதில்

கலிபோர்னியாவின் ஹாலிஸ்டர் நகரில், ஸ்பாரோ என்ற ஒற்றை இருக்கை மூன்று சக்கர மின்காரைச் செய்துவந்த கார்பின் மோட்டார்ஸ் 2003இல் திவாலானது. இப்படிப்பட்ட நிறுவனங்களின் இருப்பு ஏலத்துக்கு வரும்போது எப்படிக் கேட்பது என்று நம் ரசிகர் குழு உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நான் அறிந்தது அமெரிக்கத் திவால் ஏலங்களைத்தான்; ஐரோப்பிய நடைமுறைக்கு அங்குள்ள வழக்குரைஞரைக் கேளுங்கள்.

கேள்வி: ஏலப் பட்டியலில் 'ஓடாத புது வண்டி' என்று போட்டிருக்கிறார்கள். ஏலத்தில் எடுத்துவிட்டால் என் பெயரில் பதிவு செய்துகொள்ளலாம் அல்லவா?

பதில்: வண்டியைப் பார்க்கும் முன் தாளைப் பாருங்கள். விற்பனையாகாத புது வண்டிக்கு உரிமைப் பத்திரம் இருக்காது. உற்பத்தியாளர் கொடுக்கும் மூலச் சான்று, அதாவது எம்.சி.ஓ., இருந்தால்தான் அதை வைத்து மாநிலப் பதிவு அலுவலகம் முதல் உரிமைப் பத்திரத்தை வழங்கும். கதவடைத்த நிறுவனத்தில் அந்தச் சான்றை எழுதிக் கொடுக்க யாரும் மிஞ்சியிருப்பதில்லை. நீதிமன்றம் நியமித்த திவால் பொறுப்பாளர் விற்பனைச் சீட்டுதான் தருவார். அது நீங்கள் உரிமையாளர் என்பதைக் காட்டுமே தவிர, வண்டி சாலைக்குத் தகுதியானது என்பதைக் காட்டாது.

ஆகவே ஏலத்துக்கு முன் வண்டிகளைப் பார்க்க விடும் பார்வை நாளில் ஒரு கைவிளக்குடன் செல்லுங்கள். வண்டியின் சட்டகத்தில் பொறித்திருக்கும் 17 எழுத்து அடையாள எண்ணை, எம்.சி.ஓ.வில் உள்ள எண்ணோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். ஒன்பதாவது இடம் சரிபார்ப்புக் குறி. பத்தாவது இடம் மாடல் ஆண்டு. கூட்டாட்சிப் பாதுகாப்பு விதிகளுக்கு வண்டி இணங்கியது என்று உற்பத்தியாளர் சான்றளிக்கும் ஒட்டுச்சீட்டும் வண்டியில் இருக்க வேண்டும். மூன்று சக்கர வண்டியானால் அச்சீட்டு அதை மோட்டார் சைக்கிள் வகை என்றே குறிக்கும், அது பிழையன்று. எம்.சி.ஓ. இல்லாத வண்டிக்குக் கை தூக்காதீர்கள்.

கேள்வி: ஸ்பாரோவின் பேட்டரியை ஏலத்துக்கு முன் எப்படிச் சோதிப்பது?

பதில்: ஸ்பாரோவில் 13 ஈய-அமில பேட்டரிகள் தொடராக இணைந்து 156 வோல்ட் தருகின்றன. நேர்மின்னோட்டத்தில் இது உயிரைப் பறிக்கும் அளவு. பயிற்சி இல்லாதவர் மூடியைத் திறக்கவே கூடாது. பயிற்சி உள்ளவர், பொறுப்பாளரின் அனுமதியோடு ஒவ்வொன்றையும் தனியே அளக்கலாம். ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி 12.7 வோல்ட் அளவில் நிற்கும், 10.5 காட்டுவது பெரும்பாலும் தேறாது. பதின்மூன்றில் ஒன்று கெட்டாலும் வண்டியின் ஓட்டம் முழுவதும் அந்த ஒன்றின் அளவுக்குக் குறைந்துவிடும். பல மாதம் மின்னேற்றாமல் கிடந்த தொகுதியில் சல்பேட் படிந்திருக்கும் என்பதால், பேட்டரிக்கு மதிப்பே இல்லை என்று வைத்துக்கொண்டுதான் உங்கள் உச்ச விலையை முடிவு செய்ய வேண்டும்.

கேள்வி: வண்டிக்கு முன்பணம் கட்டியிருந்தேன். ஏலத்தில் அதைக் கழித்துக்கொள்வார்களா?

பதில்: கழிக்க மாட்டார்கள். நிறுவனம் பணம் தரவேண்டியவர்களில் நீங்கள் இப்போது ஒருவர். நீதிமன்றத்தில் உரிமைக்கோரல் தாக்கல் செய்யுங்கள். தனிமனிதரின் முன்பணத்துக்கு ஓர் உச்சவரம்பு வரை முன்னுரிமை உண்டு. ஆனால் அடமானம் பெற்றுக் கடன் கொடுத்தவருக்குப் பிறகுதான். 2011இல் மூடிய ஆப்டெரா என்ற மூன்று சக்கர மின்கார் நிறுவனம், வாடிக்கையாளரின் முன்பணத்தை மூடுவதற்கு முன்பே திருப்பிக் கொடுத்தது. எல்லா நிறுவனங்களும் அப்படிச் செய்ய வேண்டும்.

கேள்வி: தனித்தனியாக ஏலம் விட்டு முடித்த பிறகு, எல்லாவற்றையும் ஒருவரே எடுத்துக்கொண்டார் என்று எங்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இது மோசடி இல்லையா?

பதில்: இல்லை. இது மொத்தக் கேட்பு. தனித்தனி விலைகளைத் தற்காலிகமாகக் குறித்துக்கொண்டு, அவற்றின் கூட்டுத்தொகையைவிட ஒருவர் முழுச் சொத்துக்கும் அதிகம் கொடுத்தால் அவருக்கே கொடுப்பார்கள். விற்பனை நிபந்தனைகளில் இதை முன்கூட்டியே சொல்லியிருப்பார்கள். கடன் கொடுத்தவர்களுக்கு அதிகப் பணம் திரட்டுவதே பொறுப்பாளரின் கடமை.

அதே உறுப்பினர்: சட்டப்படி சரியாக இருக்கலாம். ஆனால் நெடுந்தூரம் வந்து, விடுப்பு எடுத்து நின்றவர்களின் செலவுக்கு யார் பொறுப்பு? வண்டிகள் ரசிகர்களிடம் போவதல்லவா நியாயம்?

பதில்: உங்கள் செலவை நான் சிறிதாக எண்ணவில்லை. ஆனால் தனித்தனியாக விற்றால் வண்டி உங்களிடம் வரும், உடற்கூட்டு அச்சுகள் கண்ணாடியிழைப் பட்டறை ஒன்றுக்குப் போகும், வரைபடங்கள் இருந்த கணினி பழைய கணினியாக விலைபோகும். ஒரு கதவு உடைந்தால் அதன்பின் அதைச் செய்துதர உலகில் எவரும் இருக்கமாட்டார். கார்பினின் ஸ்பாரோ சொத்துகளை ஒஹையோவின் டால்மேட்ஜிலுள்ள மையர்ஸ் மோட்டார்ஸ் வாங்கியதால்தான், அதே வண்டி என்.எம்.ஜி. என்ற பெயரில் மீண்டும் செய்யப்பட்டது. அச்சும் வரைபடமும் உதிரிபாகமும் ஒரே கையில் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மற்றோர் உறுப்பினர்: மொத்தமாக எடுப்பவர் பழைய இரும்புக்கடைக்காரராக இருந்தால்?

பதில்: அந்த ஆபத்து உண்மையே, அதற்கு மாற்றும் இருக்கிறது. ரசிகர்கள் ஒன்றுகூடி, நீதிமன்றத்தின் முன் தாங்களே மொத்தக் கேட்பை வைக்கலாம். அதற்கு இயலாதவர்கள், இரண்டாவது வண்டிக்கு ஒதுக்கிய பணத்தில் உதிரிபாகங்களை அடுக்கி ஒரே தொகுப்பாக ஏலம் விடும் மரப் பலகைகளைக் கேளுங்கள். மோட்டார் கட்டுப்பாட்டுக் கருவியும் கதவுப் பூட்டும் முன்கண்ணாடியும் அடங்கிய ஒரு பலகை, ஓடாத இன்னொரு வண்டியைவிட உங்கள் வண்டியை நெடுநாள் வாழவைக்கும்.

கேள்வி: பேட்டரி நல்லதா என்று பார்வை நாளில் எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: மேலே பதில் உள்ளது.

கேள்வி: திங்க் சிட்டி வண்டிக்கும் பேட்டரி விதி இதுதானா?

பதில்: இது வேறு. சிட்டி என்ற மின்காரைச் செய்த நார்வேயின் திங்க் நிறுவனம் 2011 ஜூனில் திவாலானது. அதன் சில வண்டிகளில் ஸீப்ரா எனப்படும் சோடியம்-நிக்கல் குளோரைடு பேட்டரி உண்டு. அது 270 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக இருந்தால்தான் வேலை செய்யும். மின்இணைப்பின்றிக் கிடந்தால் உள்ளே உருகிய உப்பு உறைந்துவிடும். மீண்டும் சூடேற்ற ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். ஆகவே பார்வை நாளில் அசையாத வண்டி செத்த வண்டி என்று கொள்ள வேண்டாம், உயிருள்ளது என்றும் நம்ப வேண்டாம். எனர்டெல் நிறுவனத்தின் லித்தியம் பேட்டரித் தொகுதி உள்ள வண்டியானால் மாற்றுத் தொகுதிக்கு யாரைக் கேட்பீர்கள் என்பதே கவலை: எனர்டெல்லின் தாய்நிறுவனமான எனர்1 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்பு கோரியது.

கேள்வி: எலக்ட்ராமெக்கானிக்கா நிறுவனத்தின் சோலோ என்ற மூன்று சக்கர மின்கார் ஏலத்துக்கு வருமா?

பதில்: அது திவால் கதையன்று. ஓடும்போதே இழுவிசை இழக்கும் கோளாறால், விற்ற 429 வண்டிகளையும் 2023இல் திரும்ப வாங்க அந்நிறுவனமே முன்வந்தது.

கேள்வி: அடையாள எண்ணே இல்லாத முன்மாதிரி வண்டியைப் பிறகு பதிவு செய்ய வழி உண்டா?

பதில்: காட்சிக்கு வைப்பதானால் வாங்குங்கள். ஓட்டுவதற்கென்றால் முதல் பதிலை மறுபடி படியுங்கள். எம்.சி.ஓ. இல்லாத வண்டிக்குக் கை தூக்காதீர்கள்.

கேள்வி: ஏலத்தில் வென்றால் வண்டியை அங்கேயே சில வாரம் விட்டுவைக்கலாமா?

பதில்: முடியாது. தொழிற்சாலைக் கட்டடத்தைக் காலி செய்ய வேண்டியிருப்பதால், எடுத்துச்செல்லும் கடைசி நாளை நிபந்தனையில் எழுதியிருப்பார்கள். தவறினால் பணமும் போகலாம், வண்டியும் போகலாம். இருக்கும் நிலையில், இருக்கும் இடத்தில் என்பதே விற்பனை முறை. இழுவை வண்டிக்காரரை ஏலத்துக்கு முன்பே பேசி வைத்து, அவர் கூலியையும் ஏலக்காரரின் வாங்குவோர் கட்டணத்தையும் விற்பனை வரியையும் கழித்த பிறகே உங்கள் கடைசி விலையைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.