வாசகர் கேள்வி: ரயிலா, தானியங்கிச் சிறுவண்டியா?

கேள்வி: எங்கள் வீட்டிலிருந்து காஜாங் எம்.ஆர்.டி. நிலையம் மூன்று கிலோமீட்டர். இணைப்புப் பேருந்து எப்போது வருமென்று தெரியாததால், கோலாலம்பூருக்குக் காரிலேயே வேலைக்குச் செல்கிறேன். ரயில் பாதைகளுக்குப் பெரும்பணம் செலவிடுவதைவிட, நான்கு பேர் அமரும் ஓட்டுநரில்லாத சிறுவண்டிகளைத் தனித்தடத்தில் ஓடவிட்டால் கார்கள் குறையாதா?
– வாசகர், காஜாங்

பதில்: ஓட்டுநரில்லாத பயணம் நமக்குப் புதிதன்று, கிளானா ஜெயா எல்.ஆர்.டி. ரயில் 1998 முதலே அப்படித்தான் ஓடுகிறது. காத்திருக்காமல், இடையில் நிற்காமல், நெரிசல்படாமல் போக வேண்டும் என்பதே உங்கள் விருப்பம் என்று கொள்கிறேன்.

நீங்கள் சொல்லும் வண்டிகள் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் 2011இல் ஓடத் தொடங்கின. ஐந்தாம் முனையத்தை அவை இணைப்பது கார் நிறுத்துமிடத்தோடு என்பது வேடிக்கைதான். அத்தகைய வண்டி மூன்று விநாடிக்கு ஒன்றாகச் சென்றாலும், ஒரு தடத்தில் மணிக்கு 1,200 வண்டிகளே செல்லும்; காலையில் அலுவலகம் செல்வோர் பெரும்பாலும் தனித்தே ஏறுவார்கள் என்பதால், பயணிகளின் எண்ணிக்கையும் அதைவிட அதிகமாக இராது. நான்கு பெட்டிகள் கொண்ட ஒரே எம்.ஆர்.டி. ரயில் ஏறத்தாழ அத்தனை பேரையும் ஒரு நடையில் ஏற்றிக்கொள்ளும். அமெரிக்காவின் மார்கன்டவுன் நகரில் 1975 முதல் ஓடும் வண்டிகளும் தனிப்பயண வண்டிகள் என்றே அழைக்கப்படுகின்றன. ஆனால் பல்கலைக்கழக மாணவர் கூட்டத்தைச் சமாளிக்க, ஒவ்வொன்றும் சுமார் 20 பேரை ஏற்றும் அளவில்தான் அவற்றை அமைக்க வேண்டியிருந்தது. ஆகவே, காஜாங்கிலிருந்து நகருக்குள் செல்லும் நெடுவழிக்கு ரயிலே ஏற்றது.

சிறுவண்டிக்கு உரிய இடம் உங்கள் மூன்று கிலோமீட்டர்தான். அந்தச் சிறு தூரத்துக்காக வாங்கிய காரில் ஏறி அமர்ந்தவர், நிலையத்தில் இறங்குவானேன் என்று நகரம் வரை ஓட்டிச் சென்றுவிடுகிறார். மாதம் 50 ரிங்கிட் பயண அட்டையில் எல்.ஆர்.டி., எம்.ஆர்.டி., மோனோரயில், ரேபிட் கேஎல் பேருந்து அனைத்திலும் மலேசியர் வரம்பின்றிப் பயணிக்கலாம் என்றாலும், நேரத்துக்கு வராத பேருந்துக்கு அந்த அட்டையால் என்ன பயன்? ஆனாலும் அங்கே தனித்தடம் அமைக்கும் பணத்தில் அடிக்கடி வரும் இணைப்புப் பேருந்துகளையும், கிள்ளான் பள்ளத்தாக்கின் சில பகுதிகளில் இப்போது ஓடும், செயலியில் அழைத்தால் வரும் வேன்களையும் பெருக்குவதே மேல் என்பது என் கருத்து.

அதுவரை, நிலையம் மட்டும் காரில் சென்று, அங்கு நிறுத்திவிட்டு ரயில் ஏறலாம். நகரத்துச் சாலையில் ஒரு கார் குறையும், ஆனால் வீட்டில் கார் இருந்தே ஆக வேண்டும்.