பழைய பிரெஞ்சு நாடக நூல்களும் கையெழுத்துப் பிரதிகளும்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

பழைய பிரெஞ்சு நாடகப் பதிப்புகளைச் சேகரிப்பது பற்றிக் கேள்விகள் நிறைய வந்திருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கேள்வி: பாரிஸில் படிக்கிறேன் அண்ணா. கையில் காசு கம்மி. எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

பதில்: பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து ஆரம்பியுங்கள் தம்பி. அப்போது 'மகஸேன் தியாத்ரால்' போன்ற வரிசைகளில் ஒரு முழு நாடகத்தைப் பக்கத்துக்கு இரண்டு பத்தியாக நெருக்கி அச்சடித்து மலிவாக விற்றார்கள், இன்றும் அவை பெரிய விலை இல்லை. எந்த அரங்கில் எந்தத் தேதியில் முதலில் நடந்தது, எந்தப் பாத்திரத்தில் யார் நடித்தார் என்பதெல்லாம் பெரும்பாலும் முதல் பக்கத்திலேயே இருக்கும். 15ஆம் வட்டாரத்தில் ஜார்ஜ் பிராசான்ஸ் பூங்காவை ஒட்டி சனி, ஞாயிறில் பழைய புத்தகச் சந்தை கூடும். வாங்காவிட்டாலும் போய்த் தாளைத் தொட்டுப் பழகுங்கள். கந்தல் துணியில் செய்த பழைய தாளை வெளிச்சத்தில் பிடித்தால் கம்பிக் கோடுகளும் நீர்க்குறியும் தெரியும். மரக்கூழ்த் தாள் பழுத்து ஓரத்தில் நொறுங்கும்.

கேள்வி: மோலியேர் கைப்பட எழுதிய நாடகப் பக்கம் என்று ஒருவர் படம் அனுப்பியிருக்கிறார். நம்பலாமா சார்?

பதில்: நம்பாதீர்கள். பதினேழாம் நூற்றாண்டு பிரெஞ்சு நாடகாசிரியர் மோலியேரின் ஒரு நாடகம்கூட அவர் கையெழுத்தில் இன்று இல்லை. பத்திரம், ரசீது இவற்றில் போட்ட கையொப்பம் மாதிரி மிகச் சிலதான் மிச்சம். போலி செய்பவர்களுக்குத் துணிச்சல் அதிகம்: 1870இல் தண்டனை பெற்ற வ்ரேன்-லூக்கா, கிளியோபாட்ரா எழுதியதாகவே பிரெஞ்சில் ஒரு கடிதம் தயாரித்து மிஷேல் ஷால் என்ற பெரிய கணித அறிஞரிடம் விற்றிருக்கிறார்.

மோலியேர் மேல் ஆசையென்றால் 1682 பதிப்பைப் பற்றிப் படியுங்கள். அவர் இறந்து ஒன்பது ஆண்டு கழித்து, கூட நடித்த லா கிராஞ்ஜ் முன்நின்று எட்டுத் தொகுதிகளாகக் கொண்டுவந்தது அது. அவருடைய 'தோம் ஜுவான்' நாடகம் முதலில் அச்சேறியது அதில்தான். ஆனால் அச்சான பிறகும் தணிக்கை விடவில்லை, தாள்களை வெட்டி எடுத்து வேறு தாள்களை வைக்கச் செய்தார்கள். வெட்டுப்படாத பிரதிகள் மிக மிக அரிது. அப்படி ஒன்று பாரிஸ் காவல்துறைத் தலைவர் லா ரெனியிடமே இருந்தது! வெட்டாத முழு வடிவம் 1683இல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. ஆகவே ஹாலந்துப் பதிப்பென்றாலே திருட்டு அச்சு என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

கேள்வி: என்னிடம் இருக்கும் 'ஃபிகாரோவின் திருமணம்' பிரதியில் 1785, பாரிஸ் என்று போட்டிருக்கிறது. முதல் பதிப்புதானே?

பதில்: ஆண்டை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது அக்கா. பொமார்ஷே எழுதி, 1784 ஏப்ரல் 27இல் மேடையேறி ஊரையே கலக்கிய நாடகம் அது, மறு ஆண்டு அச்சில் வந்ததும் திருட்டுப் பதிப்புகளும் கூடவே கிளம்பின. பிரெஞ்சு தேசிய நூலகத்தின் காலிக்கா தளத்தில் உள்ள பிரதியோடு உங்களுடையதைப் பக்கம் பக்கமாக ஒப்பிடுங்கள். வரி முறியும் இடம், பூவேலை அச்சுக்கட்டை, அச்சுப்பிழை மூன்றும் ஒத்துப்போக வேண்டும். பழைய நூல்களில் 'பாரிஸில் அச்சான பிரதியின்படி' என்று பிரெஞ்சில் ஒரு வரி கண்டால் அது பெரும்பாலும் ஹாலந்து மறு அச்சு. 'ஆண்டு 7' என்று மட்டும் இருந்தால் அது பிரெஞ்சுப் புரட்சிக் கால நாள்காட்டி, அதாவது 1798–99.

கேள்வி: கையால் எழுதிய ஒரு நோட்டு வாங்கினேன். ஒரே பாத்திரத்தின் வசனம்தான் இருக்கிறது, நடுவில் பாதி வாக்கியங்கள், பென்சில் அடித்தல் வேறு. ஏமாந்துவிட்டேனா?

பதில்: இல்லவே இல்லை, நல்ல பொருள் கிடைத்திருக்கிறது! நடிகருக்குக் கொடுக்கும் பாத்திரப் பிரதி அது. முழு நாடகத்தையும் ஒவ்வொருவருக்கும் கையால் எழுதித் தருவது பெரும் வேலை என்பதால், அவரவர் வசனமும், அதற்கு முன் எதிராளி பேசும் கடைசிச் சில சொற்களும் மட்டும் எழுதித் தருவார்கள். நீங்கள் பார்த்த பாதி வாக்கியங்கள் அவைதான். பென்சிலில் அடித்த வரிகள் அநேகமாக மேடையில் விட்டுவிட்ட வரிகள். எழுதியவர் விரும்பிய நாடகம் அச்சில் இருக்கிறது, அன்று மாலை பார்வையாளர் கேட்ட நாடகம் உங்கள் நோட்டில் இருக்கிறது. தயவுசெய்து ரப்பரை எடுக்காதீர்கள், மெழுகுக் கறையைக்கூடத் தொடாதீர்கள்.

இதே குடும்பத்தில் இன்னும் சில உண்டு. மறைவில் இருந்து வசனம் எடுத்துக்கொடுப்பவரின் பிரதி. அப்புறம் யார் எங்கே நிற்பது, நாற்காலி எந்தப் பக்கம் என்று குறித்த மேடையமைப்பு ஏடு. பாரிஸில் நடந்ததை மாகாண அரங்குகள் அப்படியே நடத்த இது உதவியது. மூன்றாவது, தணிக்கைக்குக் கொடுத்த பிரதி. நாடகத் தணிக்கை இடையில் சில முறை விட்டுவிட்டு 1906 வரை நீடித்தது, பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தணிக்கைப் பிரதிகள் ஏராளமாகத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. சந்தையில் அப்படியொன்று வந்தால் எங்கிருந்து வந்தது என்று எழுத்தில் கேளுங்கள். பிரெஞ்சுச் சட்டப்படி பொது ஆவணத்தை எத்தனை ஆண்டு கழித்தும் அரசு திரும்பக் கேட்கலாம்.

கேள்வி: இதில் முதலீடு செய்யலாமா?

பதில்: எனக்கு அதில் உடன்பாடில்லை. கையெழுத்துப் பிரதிகளில் பங்கு விற்ற அரிஸ்டோஃபில் நிறுவனம் 2015இல் கலைக்கப்பட்டபோது ஏறக்குறைய 18,000 பேர் மாட்டிக்கொண்டார்கள். அந்த நிறுவனம் 2014இல் 70 லட்சம் யூரோவுக்கு வாங்கிய, எழுத்தாளர் சாட் பிரபு கைப்பட எழுதிய 12 மீட்டர் நீளச் சுருளை 2021இல் அரசு 45.5 லட்சத்துக்கு வாங்கி ஆர்சனால் நூலகத்தில் சேர்த்தது. ஏலத்தில் வாங்குபவர் கட்டணமே கால் பங்குக்கு மேல் ஏறிவிடும். படிக்கவும் பாதுகாக்கவும் வாங்குங்கள்.

கேள்வி: சென்னையில் எப்படிப் பாதுகாப்பது?

பதில்: ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி இருந்தால் நல்லது. வெளிச்சுவரை ஒட்டி அலமாரி வைக்காதீர்கள். பழைய இரும்பு மையில் எழுதியது ஈரத்தில் தாளையே அரித்துவிடும், அமிலமில்லாத தாளில் தனியாகச் சுற்றி வையுங்கள். ராமபாணப் பூச்சிக்கு இருட்டும் தூசியும் பிடிக்கும், மாதம் ஒரு முறையாவது எடுத்துத் தட்டிப் பாருங்கள். கிழிசலுக்கு செல்லோடேப் மட்டும் வேண்டவே வேண்டாம்.