பலகைக்கு அனுமதி கொடுத்தது யார்? தகவல் உரிமை மனு பற்றிக் கேள்வி பதில்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறையில் ஆதாரம் (சொத்துப் பத்திரம்) எழுதும் ஆபீசில் வேலை பார்த்த நாளிலிருந்து, கேட்பவர்களுக்குத் தகவல் உரிமை மனு எழுதிக் கொடுத்து வருகிறேன். கொஞ்ச காலமாக வரும் கேள்விகளில் பாதி விளம்பரப் பலகைகளைப் பற்றித்தான். வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

அக்கா, வாளையாரில் டீக்கடை வைத்திருக்கிறேன். கடைக்குப் பக்கத்தில் இரும்புச் சட்டத்தில் பெரிய பலகை நிற்கிறது. காற்று அடித்தால் ஆடுகிறது. “இதற்கு ஏன் அனுமதி கொடுத்தீர்கள்” என்று கேட்டு மனுப் போட்டேன். “விளக்கம் தர இயலாது” என்று பதில் வந்துவிட்டது.

தம்பி, நீங்கள் கேட்டது நியாயம்தான், கேட்ட விதம்தான் சரியில்லை. 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டம் தருவது ஆபீசில் இருக்கும் பதிவேட்டைப் பார்க்கும் உரிமை. “ஏன்” என்பதற்குப் பதில் ஏதாவது ஒரு தாளில் எழுதப்பட்டிருந்தால் அந்தத் தாளைக் கேட்கலாம். அதிகாரியை உட்கார வைத்து விளக்கம் கேட்க முடியாது. என் முதல் மனுவும் முழுக்க “ஏன்”, “எப்படி” என்றுதான் இருந்தது. ஒரு வரிகூடத் தகவல் கிடைக்கவில்லை.

அதனால் இப்படிக் கேளுங்கள்: இன்ன இடத்தில், இன்ன கடைக்கு எதிரே நிற்கும் பலகைக்கு வந்த விண்ணப்பத்தின் நகல், அனுமதி ஆணையின் நகல், அனுமதித்த நீளம் அகலம் உயரம், அனுமதி முடியும் தேதி, கட்டணம் கட்டிய ரசீது, நிலத்தின் உரிமையாளர் தந்த சம்மதக் கடிதம், பொறியாளர் கொடுத்த உறுதிச் சான்று, கடைசியாக ஆய்வு செய்த அறிக்கை. ஒன்று இல்லை என்றால் “பதிவு இல்லை” என்று எழுதித் தர வேண்டும். அந்த “இல்லை”தான் பல நேரம் நமக்குக் கிடைக்கும் பெரிய ஆதாரம்.

அளவைக் கட்டாயம் கேளுங்கள். 2024 மே மாதம் மும்பை காட்கோபரில் புயல் காற்றில் விழுந்து 17 பேரைக் கொன்ற பலகை 120 அடிக்கு 120 அடி. அந்த மாநகராட்சி அனுமதிக்கும் அளவோ 40 அடிக்கு 40 அடி. அது நின்றது ரயில்வே போலீஸ் வசமிருந்த நிலம், அதனால் மாநகராட்சியிடம் அனுமதியே வாங்கவில்லை. நமக்குப் பக்கத்தில் கோவை கருமத்தம்பட்டியில் 2023 ஜூன் 1-ஆம் தேதி பலகையின் இரும்புச் சட்டம் சரிந்து மூன்று தொழிலாளர்கள் செத்தார்கள். ஆடுகிற பலகையின் கீழே உட்கார்ந்து டீ குடிப்பவர்களை நினைத்தால் எனக்குப் பதறுகிறது. மனுவுக்குப் பதில் வரும் வரை காத்திருக்காமல், பஞ்சாயத்துக்கும் கலெக்டருக்கும் இன்றே புகார் எழுதிவிடுங்கள்.

அப்புறம், பலகை நிற்பது தேசிய நெடுஞ்சாலை நிலமா என்று பாருங்கள். வாளையார் வழியாகப் போவது 544-ஆம் எண் நெடுஞ்சாலை. தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் நிலம் என்றால் மத்திய அரசின் ஆர்டிஐ (தகவல் உரிமை) இணையதளத்தில் தனி மனு போடுங்கள். எந்த ஆபீஸ் என்று புரியவில்லையென்றால் பஞ்சாயத்துக்கே போடலாம். 6(3) பிரிவுப்படி ஐந்து நாளுக்குள் உரிய ஆபீசுக்கு அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும்.

நான் எல்லையோரக் கோபாலபுரத்துக்காரன், தமிழ்நாட்டு ஓட்டு. பலகை கேரளா பக்கம் இருக்கிறது. நான் கேட்கலாமா?

தாராளமாக. இந்தியக் குடிமகனாக இருந்தால் போதும். கவனிக்க வேண்டியது ஸ்டாம்புதான். பத்து ரூபாய்க் கட்டணத்துக்குத் தமிழ்நாட்டு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பினால் இங்கே செல்லாது. பாலக்காட்டிலோ அந்த மாவட்டத்துச் சித்தூரிலோ கேரள ஸ்டாம்ப் வாங்கி ஒட்டுங்கள், அல்லது நேரில் பணம் கட்டி ரசீது வாங்குங்கள்.

தமிழில் எழுதினால் வாங்குவார்களா?

தகவல் சட்டம் சொல்வது ஆங்கிலம், இந்தி, அந்தப் பகுதியின் ஆட்சிமொழி. கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசுக்கு எழுத இடம் கொடுத்தது. நம் பாட்டன் காலத்திலிருந்து இந்த மண்ணில் பேசும் மொழி இது. எழுத வெட்கப்பட வேண்டாம். ஆனாலும் ஒரு மாதத்தைச் சண்டையில் இழக்க வேண்டாமே. மேலே தமிழில் எழுதி, கீழே அதையே மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ எழுதிக் கொடுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளே மலையாளத்தில் எழுதித் தந்துவிடுவார்கள்.

“விளம்பரக் கம்பெனியின் வியாபார ரகசியம், தர முடியாது” என்று பதில் வந்திருக்கிறது.

அனுமதி ஆணை அரசாங்கத்தின் காகிதம். அதில் ரகசியம் என்ன இருக்கிறது? 4(1)(b) பிரிவில் பதின்மூன்றாவது இனத்தைப் பாருங்கள். யாருக்கெல்லாம் சலுகை, பெர்மிட், அங்கீகாரம் கொடுத்தார்கள் என்ற விவரத்தை யாரும் கேட்காமலே அலுவலகம் வெளியிட வேண்டும் என்கிறது. மேல்முறையீட்டில் இதை அப்படியே எழுதுங்கள். கம்பெனியின் பேங்க் கணக்கு எண் போன்றவை இருந்தால் அவற்றை மறைத்துவிட்டு மீதியைத் தரும்படி 10-ஆம் பிரிவைச் சொல்லிக் கேளுங்கள். கருத்துக் கேட்டுக் கம்பெனிக்கு நோட்டீஸ் அனுப்பியிருந்தால் மட்டும், பதில் தருவதற்கான வழக்கமான 30 நாள் கெடு 40 நாள் ஆகும்.

நாற்பத்தைந்து நாள் ஆகிவிட்டது, பதிலே இல்லை.

30 நாள் முடிந்ததுமே முதல் மேல்முறையீட்டுக்கு உங்களுக்கு உரிமை வந்துவிட்டது. அதையும் அடுத்த 30 நாளுக்குள் போட வேண்டும், அதனால் உடனே எழுதுங்கள். அதே ஆபீசின் மேல்முறையீட்டு அலுவலருக்கு, பழைய மனுவின் நகலும் ஸ்பீடு போஸ்ட் ரசீதும் வைத்து அனுப்புங்கள். அங்கும் நடக்கவில்லை என்றால் 90 நாளுக்குள் திருவனந்தபுரத்தில் உள்ள மாநிலத் தகவல் ஆணையத்துக்குப் போகலாம். காரணமில்லாமல் தாமதித்த அலுவலருக்கு ஆணையம் நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் அபராதம் போடலாம். கெடு தாண்டிவிட்டதால் நகலுக்கும் உங்களிடம் காசு கேட்கக் கூடாது, 7(6) பிரிவு.

ஆந்திராவில் நகரி பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. அங்கேயும் இதே முறையா?

சட்டம் ஒன்றுதான், கட்டணம்தான் வேறு. ஆந்திராவில் கிராம அளவிலான ஆபீசுக்குக் கட்டணமே இல்லை, மண்டல (நம் தாலுகா மாதிரி) ஆபீசுக்கு ஐந்து ரூபாய், அதற்கு மேல் உள்ளவற்றுக்குப் பத்து ரூபாய். மனு தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ இருக்கட்டும்.

கல்யாணத்துக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் வைக்கும் பிளக்ஸ் நாலு நாளில் போய்விடுகிறது. முப்பது நாள் கழித்துப் பதில் வந்து என்ன செய்வது?

பேனர் போனாலும் பதிவேடு போகாது. தேதி தெரியும்படி படம் எடுத்து, அன்றே எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். பிறகு மனுவில் அந்த வாரம் கொடுத்த அனுமதிகளின் பட்டியல், வசூலான கட்டணம், உங்கள் புகார் மீது எடுத்த நடவடிக்கை மூன்றையும் கேளுங்கள். சட்டத்துக்குப் புறம்பான பலகைகளை எடுக்கும்படி கேரள உயர் நீதிமன்றம் பலமுறை உத்தரவிட்டிருக்கிறது. அதனால் நடவடிக்கை எடுக்கவில்லை என்று எழுத்தில் தர ஆபீசில் தயங்குவார்கள். இரண்டு மூன்று முறை கேட்டாலே அடுத்த பேனர் விஷயத்தில் கவனம் வரும்.

என் பெயர் வெளியே தெரிந்தால் தொந்தரவு வரும். மனுவில் வீட்டு விலாசம் எழுதித்தான் ஆக வேண்டுமா?

இந்தப் பயத்தை நான் சாதாரணமாக நினைக்கவில்லை, அம்மா. காரணம் சொல்லத் தேவையில்லை, உங்களைத் தொடர்புகொள்ளும் விவரத்துக்கு மேல் எதுவும் தரத் தேவையில்லை என்று 6(2) பிரிவே சொல்கிறது. தபால் பெட்டி எண் கொடுத்தாலே போதும் என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2013-இல் சொல்லியிருக்கிறது. வெளியூரில் இருக்கும் உறவினரும் தன் பெயரில் போடலாம்.

நகலுக்குக் காசு கேட்டு 300 பக்கம் என்கிறார்கள்.

நகல் வேண்டாம், கோப்பை நேரில் பார்க்கிறேன் என்று எழுதுங்கள். அது 2(j) பிரிவு தரும் உரிமை, முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணமும் இல்லை. போகும்போது விவரம் தெரிந்த ஒருவரைத் துணைக்குக் கூட்டிப் போக முடியுமா என்று முன்பே கேட்டு வையுங்கள். முதலில் கோப்பின் இடது பக்கம் இருக்கும் குறிப்புத் தாள்களைப் படியுங்கள், யார் எப்போது என்ன எழுதினார் என்பது அங்கேதான் இருக்கும். வேண்டிய பக்கத்தின் எண்ணைக் குறித்துக்கொண்டு அந்த ஐந்தாறு பக்கத்துக்கு மட்டும் சான்றிட்ட நகல் கேளுங்கள்.