கடைசியாக எப்போது மாறியது? தானாகத் தேதி விழ வைப்பது பற்றிக் கேள்வி பதில்

டேட்டாபேஸ் வேலையில் பல வருடமாக இருக்கிறேன். ஒரு ரெக்கார்டு கடைசியாகத் திருத்தப்பட்ட நேரத்தைத் தானாகப் பதிய வைப்பது பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள். எந்த டேட்டாபேஸ் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள், ஒன்றில் ஒரே வரியில் முடிகிற வேலைக்கு இன்னொன்றில் டிரிகர் (டேபிளில் மாற்றம் நடக்கும்போது டேட்டாபேஸே தானாக ஓட்டுகிற சின்ன கோடு) எழுத வேண்டியிருக்கும்.

கேள்வி: அக்கா, எங்கள் மளிகைக்கடை பில்லிங் மைஎஸ்கியூஎல்லில் ஓடுகிறது. விலையை மாற்றினால் தேதியும் நேரமும் தானாக விழ வேண்டும். பிஎச்பி கோடில் ஒவ்வொரு இடத்திலும் எழுத வேண்டுமா?

பதில்: வேண்டவே வேண்டாம் தம்பி. பத்து இடத்தில் எழுதினால் பதினோராவது இடத்தில் மறப்போம். டேபிளிலேயே அந்த ஃபீல்டை டேட்டைம் வகையாக வைத்து, 'டிஃபால்ட் கரன்ட் டைம்ஸ்டாம்ப் ஆன் அப்டேட் கரன்ட் டைம்ஸ்டாம்ப்' என்று சேர்த்துவிடுங்கள், அவ்வளவுதான் (கரன்டுக்கும் டைம்ஸ்டாம்ப்புக்கும் நடுவில் அண்டர்ஸ்கோர் உண்டு). 5.6.5க்கு முந்தைய வெர்ஷன் என்றால் டைம்ஸ்டாம்ப் வகைக்கு மட்டும்தான் இது வேலை செய்யும். அந்த வகை 2038 ஜனவரி 19க்கு மேல் போகாது என்பதால் புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு டேட்டைம்தான் என் சிபாரிசு.

கேள்வி: மேலே கேட்டவன்தான். போட்டுவிட்டேன், வேலை செய்கிறது. ஆனால் துவரம்பருப்பைத் திறந்து அதே விலையில் சேவ் செய்தால் தேதி மாறவில்லையே?

பதில்: மாறக்கூடாது, அதுதான் சரி. 160 இருந்த இடத்தில் 160 என்றே எழுதினால் மைஎஸ்கியூஎல் அதை மாற்றமாகவே எடுத்துக்கொள்ளாது. 'இன்று விலையைப் பார்த்தேன், சரியாக இருக்கிறது' என்பதும் உங்களுக்கு வேண்டுமென்றால் அது வேறு தகவல், அதற்குத் தனியாக 'சரிபார்த்த தேதி' என்று ஒரு ஃபீல்டு வையுங்கள். இரண்டையும் ஒன்றில் போட்டுக் குழப்பினால் பிறகு எதையும் நம்ப முடியாது.

கேள்வி: போஸ்ட்கிரெஸில் அந்த ஆன் அப்டேட் வரியைக் கொடுத்தால் எரர் வருகிறது மேடம்.

பதில்: அங்கே அந்த வசதி கிடையாது, டிரிகர்தான் வழி. ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதுங்கள், அதற்குள் இரண்டே வரி: புதிய ரெக்கார்டின் தேதி ஃபீல்டில் 'நவ்' ஃபங்ஷனின் மதிப்பைப் போடுவது, பிறகு 'ரிட்டர்ன் நியூ'. இதை 'பிஃபோர் அப்டேட்', 'ஃபார் ஈச் ரோ' என்று டேபிளில் மாட்டுங்கள். 'ஆஃப்டர்' என்று மாட்டினால் ரெக்கார்டு ஏற்கனவே எழுதப்பட்டிருக்கும், நீங்கள் போடுகிற தேதி எங்கும் போய்ச் சேராது. 'ரிட்டர்ன் நியூ' என்பதற்குப் பதில் 'ரிட்டர்ன் நல்' என்று எழுதிவிட்டால் இன்னும் மோசம், அப்டேட்டே நடக்காது, எரரும் வராது. ஒரு ராத்திரி முழுக்க இதைத் தேடியிருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். இன்னொன்று, அதே வரியில் அதே மதிப்பை எழுதினாலும் போஸ்ட்கிரெஸில் டிரிகர் ஓடும். அது வேண்டாமென்றால் பழைய ரெக்கார்டும் புதியதும் வேறுபட்டால் மட்டும் ஓடும்படி 'வென்' நிபந்தனை கொடுங்கள்.

கேள்வி: எஸ்கியூஎல் சர்வரில் டைம்ஸ்டாம்ப் என்று ஃபீல்டு வைத்தேன், தேதி வராமல் ஏதோ புரியாத எண் வருகிறதே?

பதில்: பெயர்தான் அப்படி, அதில் நேரமே கிடையாது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஏறிக்கொண்டே போகிற 8 பைட் எண் அது, இப்போதைய பெயர் ரோவெர்ஷன். தேதி வேண்டுமென்றால் டேட்டைம்2 ஃபீல்டும் டிரிகரும்.

கேள்வி: ஆக்சஸில் ஃபார்மின் பிஃபோர் அப்டேட்டில் நவ் எழுதியிருக்கிறேன். சில ரெக்கார்டுகளில் மட்டும் தேதி பழையதாகவே நிற்கிறது.

பதில்: யாரோ டேபிளை நேராகத் திறந்து திருத்துகிறார்கள், அல்லது அப்டேட் குவெரி ஓட்டுகிறார்கள். ஃபார்ம் வழியாக வராத மாற்றம் ஃபார்முக்குத் தெரியாது. ஆக்சஸ் 2010 முதல் டேபிளிலேயே டேட்டா மேக்ரோ (டிரிகர் மாதிரி, டேபிளோடு சேர்ந்தே ஓடுவது) வைக்கலாம், 'பிஃபோர் சேஞ்ச்' என்பதில் தேதியைப் போடுங்கள். ஜாங்கோ (பைத்தானில் வெப்சைட் கட்டும் கருவி) வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான்: 'ஆட்டோ நவ்' என்பது சேவ் வழியாகப் போனால்தான் வேலை செய்யும், குவெரிசெட்டின் அப்டேட்டில் மொத்தமாக மாற்றினால் தேதி அசையாது.

கேள்வி: நேரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கி இருக்கிறது.

பதில்: அது யூடிசி, அதாவது உலகப் பொது நேரம், தப்பில்லை. அப்படியே இருக்கட்டும், திரையில் காட்டும்போது மட்டும் இந்திய நேரத்துக்கு மாற்றுங்கள்.

கேள்வி: அக்கா, மைஎஸ்கியூஎல்லில் எல்லா ரெக்கார்டிலும் ஒரே நேரம் நிற்கிறது, நொடி கூட மாறாமல். என்ன ஆகியிருக்கும்?

பதில்: யாரோ மொத்த டேபிளுக்கும் ஒரு அப்டேட் ஓட்டியிருக்கிறார்கள். ஒரு மருந்துக்கடைக்கு வேலை செய்தபோது நானே இதைச் செய்தேன். புதிதாக வரி விகித ஃபீல்டு சேர்த்து எல்லா மருந்துக்கும் அதை நிரப்பினேன், மறுநாள் கடைக்காரர் 'எந்த விலையைக் கடைசியாகத் திருத்தினேன் என்று பார்க்க முடியவில்லையே' என்று கேட்டபோது திரையில் மேலிருந்து கீழ்வரை 11:42:07 மட்டுமே. அதற்கு முன் இருந்த தேதிகளை பேக்கப்பிலிருந்துதான் மீட்டேன். இப்படி நிரப்பும்போது அதே அப்டேட்டில் தேதி ஃபீல்டை அதற்கே சமமாகக் கொடுத்துவிடுங்கள், மைஎஸ்கியூஎல் அதைத் தொடாது.

கேள்வி: கிளையிலிருந்து தலைமை அலுவலகத்துக்கு, கடைசியாக எடுத்த நேரத்துக்குப் பிறகு மாறியதை மட்டும் அனுப்புகிறோம். போஸ்ட்கிரெஸ், நீங்கள் சொன்ன டிரிகர்தான். எப்போதாவது ஒன்றிரண்டு விடுபடுகின்றன.

பதில்: நல்ல கேள்வி, பலருக்கும் இது தெரிவதே இல்லை. போஸ்ட்கிரெஸில் 'நவ்' தருவது டிரான்சாக்‌ஷன் தொடங்கிய நேரம். டிரான்சாக்‌ஷன் என்றால் ஒன்றாகவே முடிய வேண்டிய மாற்றங்களின் தொகுப்பு, கமிட் என்றால் அதை உறுதி செய்து மற்றவர்களுக்கும் தெரிய வைப்பது. 10:00க்குத் தொடங்கியது 10:05க்குத்தான் கமிட் ஆகிறது என்று வையுங்கள். மாற்றங்களை எடுத்து அனுப்பும் உங்கள் ஜாப் 10:02க்கு ஓடுகிறது, அந்த ரெக்கார்டு அதன் கண்ணில் படாது. அடுத்த முறை 10:02க்குப் பிறகு மாறியதைக் கேட்கிறது, ஆனால் அதில் இருப்பதோ 10:00. அப்புறம் அது எப்போதும் வராது. 'கிளாக் டைம்ஸ்டாம்ப்' போட்டாலும் கமிட் நேரம் கிடைக்காது, இடைவெளி குறையும், அவ்வளவே. அதனால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பின்னால் போய் எடுங்கள், உங்களிடம் ஓடும் மிக நீளமான டிரான்சாக்‌ஷனைவிட அதிகமாக. ஒரே ரெக்கார்டு இரண்டு முறை வந்தாலும் மேலேயே எழுதிக்கொள்ளும்படி வாங்கும் பக்கத்தை அமைத்துவிடுங்கள். டெலீட் ஆனதும் இந்த வழியில் வராது, ரெக்கார்டே இல்லாதபோது தேதி எங்கே இருக்கும்? அழிப்பதற்குப் பதில் 'நீக்கப்பட்டது' என்று குறிக்க ஒரு ஃபீல்டு வையுங்கள், அந்தக் குறியும் ஒரு அப்டேட்தான், தேதி தானாக விழும்.