எயார் ஃபில்டரை மாற்றினால் டீசல் மிஞ்சுமா?

வாகனக் கேள்வி – பதில்: திருகோணமலை வாசகர்களுக்காக

கேள்வி: கிண்ணியாவிலிருந்து தம்புள்ளைக்கு மீன் ஏற்றுகிறேன், திரும்பும்போது மரக்கறி. 2.5 லீற்றர் டர்போ டீசல் பிக்கப். கோடையில் லீற்றருக்கு 11 கிலோமீற்றர் ஓடிய வண்டி மாரி தொடங்கியதிலிருந்து 9.5தான் ஓடுகிறது. எயார் கிளீனர் பெட்டியைக் கழற்றிவிட்டுத் திறந்த கூம்பு ஃபில்டரும் அகலக் குழாயும் போட்டால் 2 கிலோமீற்றர் கூடும் என்கிறார் கராஜ்காரர். போடலாமா? – வாசகர், கிண்ணியா

பதில்: வேண்டாம். அந்தக் காசுக்கு ரயர் வாங்குங்கள்.

பெற்றோல் எஞ்சினில் ஆக்சிலேட்டரை மிதித்தால் காற்று வழி திறக்கும், விட்டால் மூடும். டீசலில் அப்படி இல்லை. காற்று எப்போதும் தேவைக்கு மேலேயே போய்க்கொண்டிருக்கும். உங்கள் கால் கூட்டிக் குறைப்பது டீசலை மட்டும்தான். மிதமிஞ்சி உள்ள காற்றை இன்னும் கூட்டினால் டீசல் ஏன் குறையப்போகிறது? காற்று போதாமல் போவது முழுப் பாரத்தோடு அடிவரை மிதிக்கும்போதுதான். ஒரு கணக்குப் பாருங்கள். 2.5 லீற்றர் எஞ்சின் 2000 சுற்றில், டர்போ பெரிதாக ஊதாத நேரத்தில், நிமிடத்துக்குச் சுமார் 2500 லீற்றர் காற்றை இழுக்கும். 4000 சுற்றில் டர்போ ஒரு பார் அழுத்தம் கொடுத்தால் அது 10,000 லீற்றரைத் தொடும். கம்பனிப் பெட்டியும் குழாயும் அந்தப் பத்தாயிரத்துக்கு அளந்து செய்யப்பட்டவை. கந்தளாய் தாண்டி ஹபரணைப் பக்கம் 70இல் போகும் வண்டிக்கு அதில் கால்வாசிக்குச் சற்று மேல் போதும்.

அடுத்தது சூடு. பெரும்பாலான பிக்கப்புகளில் கம்பனிக் குழாயின் வாய் மட்காட்டுக்குள்ளோ ஹெட்லைட்டுக்குப் பின்னாலோ இருக்கும், வெளிக்காற்றைத்தான் இழுக்கும். கூம்பு ஃபில்டரைப் பொனட்டுக்குள் திறந்தபடி வைத்தால் 33 பாகைக் காற்றுக்குப் பதிலாக 60 பாகைக் காற்றை இழுப்பீர்கள். அந்தக் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 8 சதவீதம் குறைவு. பெட்டிக்குள் இருந்த சத்தம் அடக்கும் அறையும் போய்விடுவதால் வண்டி உறுமும். உறுமலைக் கேட்டு இழுவை கூடிவிட்டது என்று நினைத்து இன்னும் மிதிப்பவர்கள்தான் அதிகம்.

உங்கள் 1.5 கிலோமீற்றர் வேறு இடத்தில் போகிறது. முதலில் ரயர். ஈரத் தாரில் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு உருளவேண்டியிருப்பதால் மாரியில் டீசல் கொஞ்சம் கூடத்தான் செய்யும். காற்றும் குறைவாக இருந்தால் அது இரட்டிப்பாகத் தெரியும். கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுக்கு, காலையில் ரயர் குளிர்ந்திருக்கும்போது அடியுங்கள். பின் ரயருக்குப் பாரம் ஏற்றியபோது வேறு அளவு, வெறும் வண்டிக்கு வேறு அளவு.

அடுத்தது பிரேக் பிடித்துக்கொள்வது. உப்புக்காற்றும் மழையும் சேரும் நம் பக்கத்தில் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இருபது கிலோமீற்றர் ஓடி, கடைசித் துண்டில் பிரேக்கை அதிகம் தொடாமல் நிறுத்தி, நான்கு சில்லுகளுக்கும் அருகே புறங்கையைக் கொண்டுபோங்கள். தொடவேண்டாம், சூடு அடித்தாலே போதும். ஒரு முன்சில்லு மட்டும் சுட்டால், பிரேக் கட்டைகளை நெருக்கும் கலிப்பரின் வழுக்கு ஊசிகள் துருப்பிடித்திருக்கும். கழற்றி, கம்பித் தூரிகையால் துடைத்து, பிரேக்குக்கென்றே விற்கும் சிலிக்கன் கிறீஸ் பூசி, ரப்பர் உறை கிழிந்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும். சாதாரண கிறீஸ் பூசினால் ரப்பர் ஊதிப்போய் ஊசி பழையபடி இறுகும். பின்சில்லு சுட்டால் ஹாண்ட் பிரேக் கேபிளைப் பாருங்கள்.

பிறகு எயார் பெட்டியைத் திறவுங்கள். அடியில் தண்ணீர் வெளியேறச் சிறு ஓட்டையோ வாத்து அலகு போன்ற ரப்பர் வால்வோ இருக்கும். சேறு அடைத்திருந்தால் உள்ளே தண்ணீர் நின்று கடதாசி ஃபில்டர் நனையும். நனைந்த கடதாசியைக் காயவைத்து மறுபடி போடாதீர்கள். மடிப்புகள் ஒட்டிக்கொண்டு விரிசல் விட்டிருக்கும். கடைசியாக, சேற்றுக்குப் போட்ட போர்வீலை (நான்கு சில்லு இழுவையை) தாரில் எடுக்க மறந்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். கண்ணாடியில் புகார் படிவதைப் போக்க ஏசி போடுவதும் கொஞ்சம் டீசல் குடிக்கும். அதில் மட்டும் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

எது செய்தாலும் அளந்து பாருங்கள். ஒரே பம்பில், முதல் "டக்" வரை நிரப்பி, ஓடிய தூரத்தை மூன்று தாங்கி டீசலின் கூட்டுத்தொகையால் வகுங்கள். ஒரு தாங்கிக் கணக்கை நம்பிப் பாகம் வாங்குவது வீண்.

கேள்வி: எண்ணெய் பூசிய பஞ்சு ஃபில்டர் ஏற்கெனவே போட்டுவிட்டேன். கழுவி, எண்ணெய் தெளித்து மாட்டிய மறுகிழமையே எஞ்சின் விளக்கு எரிகிறது. இழுவையும் குறைந்துவிட்டது. – வாசகர், நிலாவெளி

பதில்: எண்ணெய் கூடிவிட்டது. ஃபில்டருக்குப் பின்னால் குழாயில் காற்று அளக்கும் சென்சர் இருக்கிறது. அதற்குள் முடியளவு மெல்லிய கம்பி சூடாக நிற்கும். காற்று அதை எவ்வளவு ஆற்றுகிறது என்பதை வைத்துத்தான் கம்பியூட்டர் காற்றைக் கணக்கிடுகிறது. எண்ணெய் ஆவி படிந்தால் கம்பி சரியாக ஆறாது, காற்று குறைவு என்று தவறான கணக்குப் போகும். டீசலில், எரிந்த புகையில் ஒரு பங்கை மறுபடி எஞ்சினுக்குள் விடும் ஈஜிஆர் வால்வு ஒழுங்கும் புகை ஒழுங்கும் குழம்பும். ஸ்கேன் பண்ணினால் அநேகமாக பி 0101 என்ற கோளாறு எண் வரும்.

எஞ்சினை அணைத்து ஆறவிட்டு, பிளக்கைக் கழற்றி, சென்சரை அதன் ஆணிகளிலிருந்து எடுங்கள். இந்தச் சென்சருக்கென்றே விற்கும் ஸ்பிரேயை ஒரு சாண் தூரத்திலிருந்து பத்துப் பதினைந்து தரம் அடியுங்கள். விரல், துணி, தூரிகை எதுவும் கம்பியில் படக்கூடாது. காபரேற்றர் கிளீனர் அடித்தால் சென்சரே போகும். கால் மணித்தியாலம் நிழலில் காயவிட்டு மாட்டி, விளக்கை அழித்து, இரண்டு நாள் ஓடிப் பாருங்கள்.

மறுபடி எரிந்தால் குழாயைப் பாருங்கள். சென்சர் முன்பு இருந்த குழாயின் விட்டமும் இப்போதைய குழாயின் விட்டமும் ஒன்றா? அகலக் குழாயில் அதே காற்று மெதுவாகப் போகும், சென்சர் குறைத்தே படிக்கும். சுத்தம் பண்ணித் தீராது. பழைய பெட்டியை எறியாமல் வைத்திருந்தால் அதை மாட்டுவதுதான் மருந்து.

கேள்வி: தம்பி கனடாவில் பெரிய பெற்றோல் பிக்கப் வைத்திருக்கிறார். ஒக்டோபரில் "கோல்ட் எயார் இன்டேக்" (வெளிக் குளிர்காற்றை இழுக்கும் குழாயும் ஃபில்டரும்) போட்டாராம். ஜனவரியில் பெற்றோல் பயங்கரமாகக் குடிக்கிறதாம். இன்டேக்கைக் கழற்றச் சொல்லட்டா? – வாசகி, உப்புவெளி

பதில்: பெரும் பங்கு குளிரின் வேலை. அமெரிக்க எரிசக்தித் திணைக்களத்தின் கணக்குப்படி, 25 பாகையில் ஓடுவதை விடச் சைபருக்குக் கீழ் 7 பாகையில் நகர ஓட்டத்தில் பெற்றோல் காரின் சிக்கனம் சுமார் 15 சதவீதம் குறைகிறது. ஐந்தாறு கிலோமீற்றர் குறுகிய ஓட்டமானால் 24 சதவீதம் வரை. எஞ்சின் ஓயிலும் கியர் ஓயிலும் தடிக்கின்றன. சூடேறும்வரை கூடுதல் பெற்றோல் ஊற்றப்படுகிறது. அடர்ந்த குளிர்காற்றை வண்டி கிழித்துப் போகவேண்டும். குளிர்காலப் பெற்றோலிலும் சக்தி சற்றுக் குறைவு. ஒவ்வொரு 5.6 பாகை இறக்கத்துக்கும் ரயரில் ஒரு பிஎஸ்ஐ போகும். 25இலிருந்து -15க்கு இறங்கினால் 7 பிஎஸ்ஐ. தம்பி முதலில் பார்க்கவேண்டியது அதைத்தான்.

இன்டேக்குக்கும் ஒரு சிறு பங்கு உண்டு, அது சிக்கனம் கூடும் என்று விற்பவர்கள் சொல்வதற்கு எதிர்ப்பக்கம். குளிர்காற்று அடர்த்தியானது. அதே வேகத்துக்கு அதே சக்தி போதும் என்பதால் பெற்றோல் எஞ்சின் காற்று வாசலை இன்னும் மூடிக்கொள்கிறது. மூடிய வாசலூடாக இழுப்பதே எஞ்சினுக்குச் சுமை. குளிரில் பெற்றோல் ஆவியாவதும் மந்தம். அந்தக் காலக் காபரேற்றர் வண்டிகளில் குளிர் நாட்களுக்கென்று எக்ஸோஸ்ட் மேலிருந்து சூடான காற்று எடுக்கும் குழாய் வைத்திருந்தது சும்மா அல்ல. திறந்த ஃபில்டரானால் தூள்பனியும் அடைக்கும். நவம்பரிலிருந்து மார்ச் வரை பழைய பெட்டியை மாட்டச் சொல்லுங்கள். ஸ்டார்ட் பண்ணி அரை நிமிடம் நின்றபடி ஓடவிட்டு, பிறகு மெதுவாக ஓட்டினால் எஞ்சின் சீக்கிரம் சூடாகும். பதினைந்து நிமிடம் வாசலில் உறுமவிடுவது நேரே புகைபோக்கியால் போகும் காசு. எஞ்சினைச் சூடாக்கும் மின்கருவி பொருத்தியிருந்தால், புறப்பட இரண்டு மணித்தியாலம் முன்பு டைமரில் போட்டால் போதும். ஜனவரியை ஒக்டோபரோடு ஒப்பிடாமல் போன ஜனவரியோடு ஒப்பிடட்டும்.

கேள்வி: புல்மோட்டைப் பக்கம் மணல், கிரவல் ரோட்டு. ஃபில்டரை எத்தனை கிலோமீற்றருக்கு மாற்றுவது? ஊதிப் போடலாமா? – வாசகர், குச்சவெளி

பதில்: கையேட்டில் உள்ள தூரத்தில் பாதி. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் 5000க்கு ஒருதரம் பெட்டியைத் திறந்து பாருங்கள், அதற்கு மேல் கிண்ட வேண்டாம். மேலே மெல்லிய தூசுப் படலம் இருக்கும் ஃபில்டர் புத்தம்புதியதை விட நன்றாக வடிக்கும். அடிக்கடி திறப்பதில்தான் மணல் உள்ளே விழுகிறது. ஊதினால் உள்ளிருந்து வெளியே, 2 பாருக்கு மேல் போகாமல், முனையை ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள். பிறகு இருட்டில் உள்ளே டோர்ச் அடித்துப் பாருங்கள். ஊசித்துளி வெளிச்சம் தெரிந்தாலும் குப்பைக்கு. விளிம்பு ரப்பர் தட்டையாகிவிட்டால் கடதாசி நன்றாக இருந்தும் பயனில்லை.

மாற்றிய பிறகு, ஃபில்டருக்கும் டர்போவுக்கும் இடையிலான குழாயின் உட்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் நறநறவென்று மணல் பட்டால் எங்கோ பிளவு இருக்கிறது. அந்த மணல் டர்போ இலையின் விளிம்பைத் தின்னும், பிறகு பிஸ்டன் வளையத்தைத் தின்னும். ஓயில் குடிக்கும் வண்டியாக மாறுவது இப்படித்தான்.

கேள்வி: மாரியில் ரோட்டுக்கு மேலால் தண்ணீர் பாயும்போது கடக்கவேண்டி வருகிறது. கூம்பு ஃபில்டர் கீழே பம்பருக்குப் பின்னால் இருக்கிறது. பயமா? – வாசகர், மூதூர்

பதில்: பயப்படத்தான் வேண்டும். 2.5 லீற்றர் டீசல் ஒன்றில் பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிஞ்சும் இடம் ஒரு சிலிண்டருக்கு 35 முதல் 40 மில்லிலீற்றர். தண்ணீர் அமுங்காது. அதற்கு மேல் ஒரு மிடறு உள்ளே போனால் பிஸ்டனைத் தள்ளும் தண்டு (கனெக்டிங் றொட்) வளையும். எஞ்சின் நின்றுவிட்டால் திரும்ப ஸ்டார்ட் அடிக்கவே கூடாது. டீசல் தெளிக்கும் இன்ஜெக்டரையோ சிலிண்டரைச் சூடாக்கும் குளோ பிளக்கையோ கழற்றிவிட்டுக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகுதான். கம்பனிப் பெட்டியின் வாய் எந்த உயரத்தில் இருக்கிறதென்று அளந்து வைத்திருங்கள். ஸ்நோர்க்கல் (காற்று வாயை உயரே கொண்டுபோகும் குழாய்) போட்டாலும் பெட்டி மூடியும் மூட்டுகளும் காற்றுப் புகாமல் இருந்தால்தான் பயன்.

கேள்வி: 205/80 ஆர் 16 ரயரைக் கழற்றி 265/70 ஆர் 16 போட்டேன். லீற்றருக்கு ஓடும் தூரம் குறைந்துவிட்டது. – வாசகர், சீனக்குடா

பதில்: புது ரயரின் விட்டம் ஏறத்தாழ 6 சதவீதம் அதிகம். மீற்றரில் 100 என்று காட்டும்போது நீங்கள் 106 ஓடியிருப்பீர்கள். முதலில் அந்த ஆறைச் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். அதற்குப் பிறகும் குறைந்தால் அது ரயரின் பாரமும் அகலமும்.

கேள்வி: புகைப் பரிசோதனைக்குப் போகும் அன்று மட்டும் ஃபில்டரைக் கழற்றிவிட்டுப் போகலாமா? – வாசகர், தம்பலகாமம்

பதில்: கூடாது. கழற்றினால் புகை குறைகிறதென்றால் ஃபில்டர் அடைத்திருக்கிறது, புதிது போடுங்கள். குறையாவிட்டால் டர்போ காற்றை ஆற்றும் இன்டர்கூலரின் குழாய்களில் காற்று கசிகிறதா என்று பார்க்க, சோப்புத் தண்ணீர் பூசி, ஒருவரை எஞ்சினை முறுக்கச் சொல்லிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். அங்கும் இல்லையென்றால் இன்ஜெக்டரைச் சோதியுங்கள்.