சகுனிச் சிரிப்பா, மெஃபிஸ்டோ சிரிப்பா?

கேள்வி: நான் எழுதுற சிறுகதையில ஒரு பைனான்ஸ்காரர் வர்றார். சிரிச்சுப் பேசியே பத்திரத்துல கையெழுத்து வாங்கிடுவார். அவரோடது 'மெஃபிஸ்டோஃபிலியன் சிரிப்பு'ன்னு எழுதினேன். சகுனின்னு போட்டா போதுமேங்கறான் ஃப்ரெண்டு. எது சரி? – வாசகி, திருச்சி

பதில்: ஃப்ரெண்டு சொல்றத அப்படியே ஏத்துக்காதீங்க, ரெண்டும் ஒரே குணம் இல்லம்மா. அந்த வார்த்தை மெஃபிஸ்டோஃபிலிஸ்ங்கற சாத்தானோட பேர்ல இருந்து வந்தது, ஜெர்மன்காரங்களோட ஃபவுஸ்ட் கதையில வர்ற ஆளு. 1587ல ஃபிராங்க்ஃபர்ட்ல அச்சான புஸ்தகத்துல, படிப்பு மேல படிப்பு படிச்சும் திருப்தியே வராத டாக்டர் ஃபவுஸ்ட் இவன்கிட்ட ஒப்பந்தம் போடறார், 24 வருஷம் நீ எனக்கு வேலை செய், அப்புறம் நான் உனக்குன்னு. இடது கையில கத்தியால குத்தி ரத்தத்துலயே எழுதித் தர்றார், அப்போ அந்தக் கையிலயே 'மனுஷா, ஓடிடு'ன்னு எழுத்து தெரியுது, அதப் பாத்துட்டும் எழுதறார் பாருங்க, அதான் எனக்கு இன்னிக்கும் நடுக்கமா இருக்கு. இங்கிலீஷ்ல மார்லோ எழுதின நாடகத்துல இன்னும் ஒரு படி மேல, நரகம் எப்படிப்பட்டதுன்னு சாத்தானே வாய்விட்டுச் சொல்றான், ஆனாலும் ஃபவுஸ்டஸ் கேக்கல. 1808ல ஜெர்மன் கவிஞர் கதே தன்னோட 'ஃபவுஸ்ட்' நாடகத்தின் முதல் பாகத்தை வெளியிட்டப்போ மெஃபிஸ்டோ கேலியும் கிண்டலுமா பேசுற ஆளாயிட்டான், நாய் உருவத்துல பின்னாடியே வந்து படிப்பு ரூமுக்குள்ள நுழையறான்.

அதனால இந்த adjective-ஐ, அதாவது இந்தப் பெயரடையை வெறும் தந்திரம்ங்கற அர்த்தத்துல போடக்கூடாது. புத்திசாலித்தனம், நக்கல், இனிக்க இனிக்கப் பேச்சு, எதிராளியோட ஆசையைத் துல்லியமா மோப்பம் பிடிக்கறது எல்லாம் சேரணும், முக்கியமா அந்த எதிராளி தானே இஷ்டப்பட்டு கையெழுத்து போடணும். சகுனி அப்படி இல்ல, சூதாட்டத்துல காயை உருட்டி ஏமாத்தி ஜெயிச்சவர். பதவிக்காக காய் நகர்த்துற அரசியல்வாதிய இங்கிலீஷ்ல மாக்கியவெல்லியன்னு சொல்வாங்க, அதுல ஆசை காட்டி ஆளை விழவைக்கணும்னு அவசியமே இல்ல, அதையும் இதோட போட்டு குழப்பிக்காதீங்க.

இப்போ உங்க பைனான்ஸ்காரர். வட்டி எவ்வளவு, கட்டலேன்னா வீடு போயிடும்னு எல்லாத்தையும் வெளிப்படையா சொல்லியும், பொண்ணு கல்யாணம் ஜாம்ஜாம்னு நடக்கணும்ங்கற ஆசையைத் தூண்டிவிட்டு கையெழுத்து வாங்கறாரா? அப்போ அவர் மெஃபிஸ்டோ ரகம்தான். பத்திரத்துல ஒரு ஷரத்தை மறைச்சு வச்சு வாங்கறாருன்னா சகுனின்னே போடுங்க, நம்ம ஆளுங்களுக்கு உடனே புரியும். ஆனா மெஃபிஸ்டோன்னே முடிவு பண்ணினாலும் தமிழ்க் கதைக்குள்ள இவ்வளவு நீளமான பேரைத் திணிக்காதீங்க, அது ஃபவுஸ்ட் கதை தெரிஞ்சவங்களுக்கு மட்டும்தான் பேசும். அதுக்குப் பதிலா, "நல்லா யோசிச்சுப் போடுங்கம்மா, அவசரமே இல்ல"ன்னு சொல்லிக்கிட்டே அவர் பேனா மூடியைக் கழட்டி நீட்டறதா ஒரு வரி எழுதிப் பாருங்க.